சட்டமா அதிபர் எனக்குப் போட்ட கடிதம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் மனுசன் கண்டவர் நின்றவர் எல்லாருக்கும் சொல்லுவார். பொய் இல்லை. ஆனால் அந்தக் கோபத்தில் நான் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் இப்பவும் எனக்கு உடம்பு பரபரக்கும். அதை ஆரும் கேட்டால் நின்ற நிலையில் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் விடுவேன்.

எங்கள் வீடு சிட்னியில், பிளாக்டவுனில். பின்வளவில் தனியாக ஓர் அறை இருக்கிறது. 2011 கடைசியில், அகதித் தடுப்பு முகாமிலிருந்து விடப்பட்ட ஒரு தம்பியை அங்கே இருத்தினோம். வள்ளத்தில் வந்தவர். முப்பத்துமூன்று வயது, கையில் வழக்கு முடியுமட்டும் தங்கவிடுகிற பிரிட்ஜிங் விசா, கோழித் தொழிற்சாலையில் வேலை. அவர் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. வேலையால் வந்தவுடன் எங்கள் தபால் பெட்டியைத் திறந்து, கடிதங்களைப் பெரியது அடியில் சின்னது மேலே என்று அடுக்கி, குசினியில் பிரிட்ஜின் மேல் வைப்பார். நான் கேட்காமலே செய்த வேலை அது.

அவருடைய அகதி வழக்கை ஓர் இலவச சட்ட நிலையத்திலிருந்த சட்டத்தரணிப் பிள்ளை பார்த்தது. வெள்ளைக்காரப் பிள்ளை, வலு கெட்டிக்காரி. பிறப்புச் சான்றிதழின் பிரதியை ஒரு ஜேபியிடம் காட்டி, உண்மைப் பிரதிதான் என்று ஒப்பம் வாங்கி அனுப்பச் சொன்னது. ஜேபி என்றால் ஊரில் நாங்கள் சமாதான நீதவான் என்கிற ஆள். இங்கே அது சம்பளம் இல்லாத தொண்டு. பிரதிகளுக்கும் சத்தியக் கடதாசிகளுக்கும் சாட்சியாக ஒப்பமிடுகிற வேலை.

"பொலிஸ் ஸ்டேசனிலை ஒரு ஜேபி இருப்பார், போட்டு வாரும்" என்று அனுப்பினேன். போய் வந்து, "ஆள் இல்லை அக்கா" என்றார். அடுத்த கிழமையும் அதே பதில். எனக்குப் பொலிஸ் மேல் கோபம். என்ன பொலிஸ் இது, ஒரு ஒப்பம் வைக்க ஆள் இல்லையோ என்று குசினியில் நின்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணி குடித்தார்.

மூன்றாம் முறை போன அன்று நானும் அந்தப் பக்கம் ஓர் அலுவலாக வந்தேன். பொலிஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற பஸ் தரிப்பு வாங்கில் அவர் இருந்தார். மடியில் பைல். எழும்பி வீதி கடக்கிற வெள்ளைக்கோட்டு வரைக்கும் வந்தார். பச்சை விழுந்தது, கடக்கவில்லை. பிறகு சிவப்பு, பிறகு பச்சை. நாலு தரம் பச்சை விழுந்ததை நானே நின்று எண்ணினேன். திரும்பிப் போய் அதே வாங்கில் இருந்தார்.

நான் அவருக்குப் பக்கத்தில் போகவில்லை. போயிருந்தால் வெட்கப்பட்டிருப்பார். நேரே வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு அடித்துக் கழுவினேன். ஆர் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில் மனுசனிடம் சொன்னேன், "நானே ஜேபி ஆகப் போறன்."

"சமாதான நீதவானோ? உம்மிலை சமாதானம் எங்கை கிடக்கு?" என்றார். அந்தப் பகிடியை இன்றைக்கு வரைக்கும் விடவில்லை.

எனக்கு ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்துக் கந்தோரில் வேலை. அடுத்த நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் தொகுதி எம்பியின் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அவர் பெயர் சொல்லி அனுப்ப வேண்டும், பொலிஸ் பதிவு பார்ப்பார்கள், கேள்விப் பத்திரம் நிரப்ப வேண்டும். கைநூல் ஒன்றும் படிக்க வேண்டும். கைநூலைக் கண்டவுடன் எனக்குப் பத்தாம் வகுப்புச் சோதனை திரும்பி வந்ததுபோல் இருந்தது. ஹோலில் அங்கும் இங்கும் நடந்து சத்தமாகப் பாடமாக்கினேன். ஒப்பமிடுகிறவர் உன் கண் முன்னால் ஒப்பமிட வேண்டும். எழுதியிருப்பது விளங்குகிறதா என்று கேட்க வேண்டும். முன்கூட்டியே ஒப்பமிட்டுக் கொண்டு வந்தால் ஏற்கக் கூடாது.

அந்தக் கடைசி விதி எங்கள் ஆட்களுக்கென்றே எழுதினது. பெரியவர்களை மினக்கெடுத்தக் கூடாது என்று வீட்டிலேயே ஒப்பம் வைத்துவிட்டு, பேப்பரை இரண்டு கையாலும் நீட்டுகிற ஆட்கள் நாங்கள். என் மனுசன் பயிற்சிக்காக அப்படி ஒரு பேப்பரோடு வந்து நின்றார். "திரும்பிப் போய் வேறை பேப்பர் கொண்டு வாருங்கோ" என்று கலைத்தேன். "இவ ஜேபி ஆகமுதலே இந்தப் பாடு" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

விண்ணப்பம் போய்விட்டது. மாசக் கணக்கில் பதில் இல்லை. நானோ சந்திக்கிற எல்லாரிடமும் கவர்னர் என்னை நியமிக்கப் போகிறார் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் கவர்னருக்குச் சிபாரிசு செய்கிறது மாநிலத்தின் அற்றோர்னி ஜெனரல், கடிதம் வரப்போவதும் அந்தக் கந்தோரிலிருந்துதான். அதை வீட்டில் நான் சொல்லவேயில்லை. கவர்னர் இருக்கும்போது அவருக்குக் கீழே உள்ளவரின் பெயரை ஆர் சொல்லுவினம்? அந்தப் பெருமைதான் எனக்கு வினையாக வந்தது.

இதற்கிடையில் தம்பிக்கு இமிகிரேஷன் நேர்காணல் நாள் வந்தது. அடுத்த வியாழன் இல்லை, அதற்கு அடுத்த வியாழன். அன்றைக்கு அவர் போகாவிட்டால் அவர் இல்லாமலே முடிவு எடுப்பார்கள், எடுத்தால் என்ன முடிவாக இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அவருடைய வாக்குமூலத்தைச் சத்தியக் கடதாசியாக்கி அனுப்ப வேண்டும். பேப்பரை ஈமெயிலில் அனுப்புகிறேன், கிட்டடியில் ஒரு ஜேபியைப் பிடித்து ஒப்பமிடுங்கோ என்று சட்டத்தரணிப் பிள்ளை சொல்லியிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடத்தால் வந்து பார்க்கிறேன், பின்னறை துடைத்துவிட்டதுபோல் கிடக்கிறது. கட்டிலில் போர்வை மடித்து, அதற்கு மேல் தலையணை. குசினி மேசையில் அறைக் கதவின் திறப்பு, அதற்குக் கீழே ஒரு துண்டுக் கடதாசி. "அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. என்னாலை உங்களுக்குப் பிரச்சினை வரக்கூடாது. போட்டு வாறன்."

எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. போன் போட்டால் நிறுத்தி வைத்திருக்கிறார். தொழிற்சாலைக்கு எடுத்தால் இரண்டு கிழமை லீவு கேட்டாராம். முந்தின நாள் வெங்காயத்தைப் பெரிதாக வெட்டினதற்கு ஒரு சத்தம் போட்டிருந்தேன். அதற்காகவோ?

"நீர் போடுற சத்தத்துக்கு நானே நாலு தரம் பெட்டி கட்டியிருக்கிறன்" என்றார் மனுசன். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அழாதையும், ஆளைத் தேடுவம்" என்றார். அந்த நேரம் நான் அழுதது உண்மை. பயத்தில் அழுதேன். நேர்காணலுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

வியாழன் வரைக்கும் ஒரு தகவலும் இல்லை. அன்று மதியம், எங்கேயாவது கோபத்தைக் காட்டவேண்டும் போலிருந்ததால், ஜேபிப் பகுதிக்கு எடுத்து, என் விண்ணப்பம் என்ன கிணற்றுக்குள் விழுந்துவிட்டதோ என்று கேட்டேன். அந்தப் பெண் பொறுமையாகத் தேடிப் பார்த்துவிட்டு, "உங்களுடைய கடிதத்தை நாங்கள் போன கிழமையே அனுப்பிவிட்டோமே" என்றாள்.

போனை வைத்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்தேன். போன கிழமைக் கடிதம் செவ்வாய்க்கு முன் வந்திருக்கும். கடிதம் எடுத்து வைக்கிறவர் தம்பி. பிரிட்ஜின் மேல் அது இல்லை. அப்படியென்றால் அவரிடம் இருக்கிறது. ஏன்? கடித உறையின் மூலையில் என்ன அச்சடித்திருக்கும் என்று யோசித்தேன். யோசித்தவுடன் எனக்கு உச்சந்தலையில் தண்ணி ஊற்றினமாதிரி இருந்தது.

அற்றோர்னி ஜெனரல். ஊரில் எங்கள் தமிழில் சட்டமா அதிபர்.

ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டு அவர் சொன்ன கதை அது. ஊரில் வழக்கு முடிவில்லாமல் நாலு வருசம் விளக்கமறியலில் இருந்தவர். வழக்குப் போடுகிறதா விடுகிறதா என்று சொல்லவேண்டியது சட்டமா அதிபர் திணைக்களம். ஒவ்வொரு தவணைக்கும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார்களாம். சட்டமா அதிபரின் ஆலோசனை இன்னும் வரவில்லை என்பார்களாம். அடுத்த தவணை என்று திரும்பக் கூட்டிக்கொண்டு போவார்களாம். பைலின் மட்டையில் அந்த இரண்டு சொல்லும் இங்கிலிசில் பெரிதாக இருக்கும். "அக்கா, எனக்கு இங்கிலிசிலை முதல் வாசிக்கத் தெரிஞ்ச சொல்லு அதுதான்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் விசரி, சேர்ந்து சிரித்தேன்.

அந்த இரண்டு சொல்லோடு என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தால் அவர் என்ன நினைப்பார்? தன்னை வீட்டில் வைத்திருக்கிறதற்கு அக்காவுக்கு வழக்கு வருகிறது என்றுதான் நினைப்பார்.

லிட்கம் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் கார் கழுவுகிற ஒரு கூட்டாளி இருப்பதாக முன்னொருக்கால் சொல்லியிருந்தார். பெயர் தெரியாது, விலாசம் தெரியாது. சனிக்கிழமை காலை ரெயின் ஏறினேன். மனுசனும் வாறன் என்றார், வேண்டாம் என்றேன். இரண்டு பேர் போனால் பிடிக்க வந்தமாதிரி இருக்கும். முதலாவது கார் கழுவுகிற இடத்தில் ஆரும் தமிழ் இல்லை. இரண்டாவது இடத்தில், முழங்கால் வரைக்கும் சவர்க்கார நுரையோடு, பஞ்சை வைத்து ஒரு காரின் சில்லைத் தேய்த்துக்கொண்டு நின்றார் எங்கள் தம்பி.

என்னைக் கண்டதும் பஞ்சு கையால் விழுந்தது. ஓடப் போகிறாரோ என்று பார்த்தேன். ஓடவில்லை. "அக்கா, உங்களைப் பிடிச்சவங்களோ?" என்று கேட்டார்.

"ஆர் என்னைப் பிடிக்கிறது? எங்கை என்ரை கடிதம்?"

மூலையில் கிடந்த பையிலிருந்து எடுத்து வந்தார். நனையாமல் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தார். உறை உடைக்கவில்லை.

"பயமெண்டால் கிழிச்சு எறிஞ்சிருக்கலாமே தம்பி."

"உங்கடை பேர் போட்டுக் கிடக்கு. மற்ற ஆளின்ரை கடிதத்தை எப்பிடி எறியிறது? நான் அங்கை இல்லாட்டி உங்களை விட்டிடுவாங்கள் எண்டு நினைச்சன்."

உறையைப் பிரித்தேன். நியமனக் கடிதம், ஜேபி நம்பரோடு. அத்தனை மாசம் காத்திருந்த கடிதம். கார் கழுவுகிற இடத்தில், நுரைத் தண்ணிக்குள், செருப்போடு ஒரு துள்ளுத் துள்ளினேன். காருக்குச் சொந்தக்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"இஞ்சை பாரும், என்னை ஜேபி ஆக்கியிருக்கு. சட்டமா அதிபற்றை கந்தோர் இதுக்குத்தான் கடிதம் போட்டது."

அவர் நம்பவில்லை. "சட்டமா அதிபர் ஏன் அக்கா உங்களை ஜேபி ஆக்கவேணும்? அவர் வழக்குப் போடுற ஆள்."

"இஞ்சை அவர் எலெக்சனிலை வெண்டு வந்த ஒரு மந்திரி. ஆக்களுக்கு மேலை வழக்குப் போடுறதுக்கு வேறை கந்தோர் கிடக்கு. இவரின்ரை ஆக்கள் நீதிமன்றங்களை நடத்துவினம், ஜூரிக்கு ஆள் கூப்பிடுவினம், பிறப்பு இறப்புப் பதிவினம், அடி வாங்கின ஆக்களுக்கு நட்டஈடு குடுப்பினம். என்னை மாதிரி விசரியளைப் பிடிச்சு ஜேபி ஆக்குவினம். எல்லாத்துக்கும் பாராளுமன்றம் வருசா வருசம் காசு ஒதுக்கும். அந்தக் காசிலை ஒரு துண்டு எங்கை போகுது தெரியுமோ? உம்மடை சட்டத்தரணிப் பிள்ளை இருக்கிற நிலையத்துக்கு. அந்தப் பிள்ளையே எனக்குச் சொன்னது."

"அரசாங்கத்தோடை வழக்காட அரசாங்கமே காசு குடுக்குமோ?"

"குடுக்கும். மூஞ்சையை நீட்டிக்கொண்டு குடுக்கும். அடுத்த வருசம் கிடைக்குமோ எண்டு அந்தப் பிள்ளை வருசக் கடைசியிலை நகம் கடிச்சுக்கொண்டுதான் இருக்கும். ஆனாக் குடுக்கும்."

அப்போதுதான் அவர் சிரித்தார். நம்பிச் சிரித்தாரோ, என் நிலைமையைப் பார்த்துச் சிரித்தாரோ தெரியாது. என் சேலைக் கரை முழுக்க நுரை. அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னோடு ரெயின் ஏறினார்.

திங்கட்கிழமை மதியம் உள்ளூர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் எடுத்தேன். காலையிலேயே நல்ல சேலை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனதால் பிள்ளைகள் எல்லாம் எனக்குக் கலியாணமோ என்று கேட்டார்கள். இரண்டு நிமிசத்தில் முடிந்துவிட்டது. நான் இன்னும் கொஞ்சம் இழுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். வெளியில் வந்தபோது கால் நிலத்தில் நிற்கவில்லை. மனுசன் எனக்கு ஒரு முத்திரையும் மைப்பெட்டியும் வாங்கி வைத்திருந்தார், அதை வீட்டிலிருந்த பழைய கடித உறையெல்லாவற்றிலும் குத்திப் பார்த்தேன்.

செவ்வாய் பின்னேரம் நாலு மணிக்கு வாக்குமூலம் ஈமெயிலில் வந்தது. புதன் மதியத்துக்குள் ஒப்பமிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும், வியாழன் நேர்காணல். எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் நானே அவருக்கு வாசித்துச் சொல்லலாம் என்று பிள்ளை எழுதியிருந்தது. குசினி மேசையைத் துடைத்து, முத்திரையை வலப்பக்கம் வைத்து, கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். தம்பி எதிரே இருந்தார். இருந்த கையோடு பேனையை எடுத்து, கடைசிப் பக்கத்தைப் புரட்டி, "எங்கை அக்கா வைக்கிறது?" என்று கேட்டார்.

"பொறும். நான் ஒரு கேள்வி கேக்கவேணும். இதிலை எழுதிக் கிடக்கிறது உமக்கு விளங்குதோ?"

"ஓம் ஓம்" என்று பேனையைக் கொண்டுபோனார்.

நான் கையால் பேப்பரை மறைத்தேன். "சும்மா ஓம் போடாதையும். நான் நேற்றுச் சத்தியம் பண்ணின பொம்பிளை. விளங்காமல் ஓம் எண்டால் அந்தப் பாவம் என்ரை தலையிலை. விளங்குதோ, இல்லையோ?"

அவர் பேனையை மேசையில் வைத்தார். பிறகு, "இல்லை அக்கா. போனிலை மொழிபெயர்ப்பாளர் வாசிச்சவர். லைன் சரியில்லை. அவையை மினக்கெடுத்தக் கூடாது எண்டு எல்லாத்துக்கும் ஓம் எண்டனான்" என்றார்.

முதல் பக்கத்திலிருந்து வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். தலையாட்டிக்கொண்டு கேட்டார். மூன்றாம் பக்கத்தில் ஒரு வசனம் வந்தது. "என்னைப் பிடிச்சு மூண்டு கிழமைக்குப் பிறகு என்ரை சட்டத்தரணி, அவையள் எழுதின வாக்குமூலத்திலை கையெழுத்து வைக்கச் சொல்லி ஆலோசனை சொன்னார். நான் வைச்சனான்."

"என்ரை சட்டத்தரணியோ?" என்றார். "அப்ப எனக்கேது சட்டத்தரணி? ஒருத்தரையும் பார்க்க விடேல்லை."

"அப்ப நீர் என்ன சொன்னனீர்?"

"சட்டமா அதிபற்றை ஆலோசனை வந்திட்டுது, வைச்சா விடுவம் எண்டு அடிச்சவங்கள் சொன்னவங்கள். கடதாசி முழுக்கச் சிங்களம். என்ன கிடக்கு எண்டு தெரியாமல் வைச்சனான். நாலு வருசம் அதாலைதான்."

இங்கிலிசைத் திரும்பப் பார்த்தேன். எங்கள் ஊரில் சட்டத்தரணிக்கும் இங்கிலிசில் அற்றோர்னிதான். மொழிபெயர்ப்பாளர் போனில் இங்கிலிசில் சொன்னதைக் கேட்டு எழுதின பிள்ளையின் காதில் அற்றோர்னி விழுந்திருக்கிறது, ஜெனரல் விழவில்லை. அந்த ஒரு சொல் விழுந்துபோனதில், அடித்து வாங்கின ஒப்பம் சொந்தச் சட்டத்தரணியின் புத்திமதியைக் கேட்டு வைத்த ஒப்பமாகிவிட்டது. அதை வாசிக்கிற அதிகாரி அதற்குப் பிறகு இவர் சொல்லுகிற எதையும் நம்பப்போவதில்லை. உடனே பிள்ளைக்குப் போன் போட்டேன். அந்தப் பிள்ளை அந்த வசனத்தைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டது. பிறகு, ஒரு மணித்தியாலம் தாங்கோ என்றது.

அந்த நேர்காணல் நல்லபடி நடந்தது, அடுத்த வருசம் விசாவும் வந்தது. அதெல்லாம் கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது, திருத்தின பேப்பர் வந்த பிறகு அந்த மேசையில் நடந்ததைத்தான்.

முதலிலிருந்து திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மூன்றாம் பக்கத்தை இன்னொரு தரம் கேட்டார், அதையும் வாசித்தேன். மனுசன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார். கடைசிப் பக்கத்தை அவர் பக்கம் திருப்பி, ஒப்பமிடுகிற இடத்தை விரலால் காட்டினேன். பேனையை எடுத்தவர் ஒப்பமிடாமல் என்னைப் பார்த்தார்.

"அக்கா, இன்னொருக்கால் கேளுங்கோ."

"என்னத்தைக் கேக்கிறது?"

"அந்தக் கேள்வியை. என்னை ஒருத்தரும் அப்பிடிக் கேட்டு நான் கையெழுத்து வைச்சதில்லை."

தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டேன்.

"இதிலை எழுதிக் கிடக்கிறது உமக்கு விளங்குதோ?"

"ஓம்" என்று சொல்லி, முழுப் பெயரையும் தமிழில் ஆற அமர எழுதினார்.